மூன்று நிமிடம் பேசினால் போதும்

பெயர்களை மட்டும் வெட்டினால் போதும் டோர்கஸ், பெயர் வருகிற இடத்தில் ஒரு பீப் சத்தத்தை வைத்துவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்க்கொண்டே இரு, வேறு வேலை எதையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதே என்று காலை ஒன்பது மணியிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், இருபத்திரண்டு பெண்களை அப்படித்தான் முடித்தேன், இருபத்து மூன்றாவது பெண்ணிடம் வந்து மாட்டிக்கொண்டேன். இப்போது மணி பதினொன்று ஐந்து. பன்னிரண்டு மணிக்கு வகுப்பு. இந்த மாதக் கடைசியில் நான் ஓய்வு பெறுகிறேன், அதற்குள் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்த ஒலிப்பதிவுகளைப் பல்கலைக்கழகக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும், நாளைக்கு யார் வேண்டுமானாலும் எடுத்துக் கேட்பார்கள், அதனால் பேசியவர் இன்னார் என்று காட்டிக்கொடுக்கிற எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. ஊர்ப் பெயர், அப்பா பெயர், ஹாஸ்டல் பெயர் எல்லாம் போக வேண்டும். பெயர் எங்கே வருகிறது என்று தெரிய வேண்டுமானால் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டாக வேண்டும். இந்த வேலையை நான் இதுவரை செய்ததே இல்லை என்பது காலையில் மூன்றாவது பெண்ணைக் கேட்கும்போதே தோன்றியது, தோன்றியதைத் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தேன். பெ-23 என்று பதிவில் எண் போட்டிருக்கிற இந்தப் பெண்ணின் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் வருஷா வருஷம் வகுப்பில் போட்டுக் காட்டுகிறேன், இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கும் அதைத்தான் போட இருந்தேன். அந்த வாக்கியத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று இன்றைக்குத்தான் காது கொடுத்தேன். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்கே நம்ப முடியவில்லை, ஆனால் எப்படி நடந்தது என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது.

இந்த ஒலிப்பதிவு அறையைப் பிள்ளைகள் கூண்டு என்பார்கள். சுவரெல்லாம் பஞ்சு, ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி, ஒரு மேசை, ஒரு மைக், இரண்டு நாற்காலி, கதவை மூடினால் நம் மூச்சே நமக்கு இரைச்சலாகக் கேட்கும். பதிவு நடக்கும்போது ஏசியையும் ஃபேனையும் நிறுத்திவிடுவோம், அந்தச் சத்தம் மைக்கில் விழும் என்று, அதனால் பேசுகிறவருக்கும் எனக்கும் வேர்த்துக் கொட்டும். தமிழ் பேசி வளர்ந்தவர்கள் ஆங்கிலம் பேசும்போது எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், எதனால் நிற்கிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி, முப்பது வருஷமாக எனக்குச் சோறு போட்டது அதுதான். ஒருவரைக் கூப்பிட்டு மைக் முன்னால் உட்கார வைத்தால் பள்ளி ஆண்டு விழாவில் ஒப்பிக்கிற மாதிரி பேசுவார், அது எங்களுக்கு உதவாது. அதை மறக்கடிக்க எங்கள் தொழிலில் ஒரு வழி வைத்திருக்கிறோம்: நீங்கள் ரொம்பவும் பயந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள், மூன்று நிமிடம் பேசினால் போதும். பயத்தைச் சொல்கிறவர் உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். நாற்பது பெண்களும் முப்பத்தாறு ஆண்களும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பயந்தார்கள். பதினோரு பேருக்குப் பாம்பு, ஒன்பது பேருக்கு நாய், ஒரு பையனுக்குப் பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாள். நான் எதிரில் உட்கார்ந்து சிரித்த முகமாகத் தலையாட்டிக்கொண்டிருப்பேன், கண் மட்டும் சுவர்க் கடிகாரத்தில் இருக்கும், மூன்று நிமிடத்துக்குக் குறைந்தால் பதிவு வீண். அதன் பிறகு மாதக்கணக்கில் கணினி முன்னால் வேலை. குரல் அங்கே வெறும் கோடு. ஒரு விநாடியைத் திரை முழுக்க இழுத்து விரித்து, சத்தம் எங்கே முடிகிறது, எங்கே மறுபடி தொடங்குகிறது என்று அடையாளம் போடுவேன். அவ்வளவு விரித்துவிட்டால் வார்த்தை கேட்காது, 'ப்' என்றும் 'ஆ' என்றும் துண்டு துண்டாகத்தான் கேட்கும். பெ-23-இன் மூன்று நிமிடத்தோடு இரண்டு வாரம் இருந்திருக்கிறேன், கண் எரிய எரிய இருந்திருக்கிறேன். அவள் என்ன சொன்னாள் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

யூனிஸ் அக்கா பாளையங்கோட்டையிலிருந்து போன் செய்து "அம்மா போயிட்டா டோர்கஸ்" என்றபோது அந்த வாக்கியத்தின் கடைசியில் அவள் குரல் இறங்காமல் ஏறியதை நான் கவனித்தேன். கவனித்ததோடு விடவில்லை, துக்கம் சொல்கிறவள் குரல் கேள்வி கேட்கிற மாதிரி ஏன் ஏறுகிறது என்று யோசித்தும்விட்டேன், அதன் பிறகுதான் அம்மா இல்லை என்பது உள்ளே இறங்கியது, நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அதை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கலாம். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், சும்மா இருக்க முடியாமல், அக்காவிடமே சொல்லித் தொலைத்தேன். கழுவிக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு, "ஒனக்கு எதச் சொன்னாலும் காதுல விழுது, மனசுல விழமாட்டேங்குதுட்டி" என்றாள். அப்போது கோபம் வந்தது. படிக்காத அக்கா பேசுகிறாள், என் வேலையைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். கல்லூரிப் படிப்புக்குச் சென்னைக்கு வந்த புதிதில் என் ஆங்கிலத்தைக் கேட்டு ஹாஸ்டலில் சிரித்த பெண்களை எனக்கு இன்னும் பெயர் பெயராகத் தெரியும். அப்புறம் ஆராய்ச்சிக்கு இங்கிலாந்து போய், நாக்கைப் பழக்கிப் பழக்கி, முதல் கட்டுரையை வாசித்து முடித்ததும் ஒரு வயதான பேராசிரியர் எழுந்து வந்து என் கையைப் பிடித்து, உங்கள் ஆங்கிலம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்றார். இருபது நிமிடம் நான் சொன்ன விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்று ராத்திரி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பல்லைக் கடித்தது ஞாபகம் இருக்கிறது. என்ன சொன்னேன் என்று கேள்டா, எப்படிச் சொன்னேன் என்று கேட்காதே என்று அந்தக் கிழவரை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டினவள் ஊருக்குத் திரும்பி வந்து என்ன செய்தேன் என்றால், அதையே, சம்பளம் வாங்கிக்கொண்டு, முப்பது வருஷம்.

நான்கு தடவை ஓட்டிக் கேட்டாகிவிட்டது. முதலில் என் குரல், நாற்பத்திரண்டு வயசுக் குரல், ஆங்கிலத்தில், எவ்வளவு தெம்பு அதில். பயந்த நாளைப் பற்றிச் சொல்லுங்கள் என்கிறேன். அவள் உடனே தொடங்கவில்லை, நாற்காலி கிறீச்சிடுகிறது. பிறகு அவளும் ஆங்கிலத்தில் கேட்கிறாள், அந்த நாள் இன்னும் வரவில்லை என்றால் பரவாயில்லையா மேடம்? இந்தக் கேள்விக்கு எந்த மனுஷியும் நிமிர்ந்து பார்த்திருப்பாள். நான் சொல்கிறேன், எந்த நாளாக இருந்தாலும் சரி, மூன்று நிமிடம் பேசினால் போதும். அவள் பேசினாள். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துப் பேசினாள். வருகிற வெள்ளிக்கிழமை அப்பா வந்து என்னை ஊருக்குக் கூட்டிப்போகிறார். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை என் அக்கா வீட்டுக்காரரின் தம்பி. நான் மாட்டேன் என்றால் அக்காவை அப்பா வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அக்காவுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. எனக்குப் படிக்க வேண்டும். இதைத் தமிழில் யாரிடமும் சொல்ல முடியவில்லை, ஹாஸ்டலில் எங்கள் ஊர்ப் பெண்கள் இருக்கிறார்கள், சொன்னால் மறுநாளே அப்பா காதுக்குப் போய்விடும். இந்த அறையிலிருந்து சத்தம் வெளியே போகாது என்று சொன்னார்கள், அதனால் இங்கே சொல்கிறேன். எங்கள் அப்பா வாத்தியார்கள் சொன்னால் கேட்பார். பரீட்சை இருக்கிறது, ஏப்ரல் வரை அனுப்ப முடியாது என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள் மேடம், அதற்குள் நான் அக்காவிடம் பேசிவிடுவேன். வெள்ளிக்கிழமை என் அப்பா, என்று சொல்லி அங்கே நிற்கிறாள், நின்றுவிட்டு, என்னைக் கூட்டிப்போகிறார் என்று முடிக்கிறாள். மூன்று நிமிடம் ஆகிவிட்டதா மேடம் என்று கேட்கிறாள். அதற்கு என் குரல், அதே தெம்போடு, வெரி குட், ரொம்ப நன்றாகப் பேசினீர்கள், அடுத்து இந்த வார்த்தைப் பட்டியலை வாசியுங்கள் என்கிறது. வாசித்தாள். ஷிப், ஷீப், பிட், பீட், அறுபது வார்த்தை, ஒன்றுகூடத் தப்பாமல் வாசித்தாள்.

வகுப்பில் நான் போடுகிற துண்டு அந்தக் கடைசி வாக்கியம்தான், முன்னும் பின்னும் நறுக்கிய ஏழு விநாடி. அப்பா என்பதற்கும் என்னைக் கூட்டிப்போகிறார் என்பதற்கும் நடுவில் இரண்டு புள்ளி நான்கு விநாடி மௌனம். போட்டுவிட்டுக் கேட்பேன், இந்தப் பெண் இந்த இடத்தில் என்ன செய்கிறாள்? பிள்ளைகள் ஏதேதோ சொல்வார்கள். நான் சொல்வேன், வினைச்சொல்லைத் தேடுகிறாள், இரண்டாம் மொழியில் பேசுகிறவரின் மனசு வாக்கியத்தின் நட்டநடுவில் நின்று சொல்லைத் தேடுகிறது, தாய்மொழியில் பேசுகிறவர் இந்த இடத்தில் நிற்கவே மாட்டார். இதை வைத்து எழுதிய கட்டுரைதான் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது, வெளிநாட்டில் ஒரு பாடப்புத்தகத்தில்கூடச் சேர்த்தார்கள். சில வருஷம் பிள்ளைகள் அந்த மௌனத்துக்குச் சிரித்ததுண்டு, சீக்கிரம் சொல்லும்மா என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தன் குரல் கொடுத்தான், நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்ததை நினைத்தால் உடம்பு கூசுகிறது. இன்றைக்கு முழுசாகக் கேட்கும்போது தெரிகிறது, அதே வினைச்சொல்லை அவள் ஆரம்பத்திலேயே ஒரு தடவை சொல்லிவிட்டாள், தங்கு தடையில்லாமல் சொன்னாள். கையில் இருக்கிற சொல்லை யாரும் தேட மாட்டார்கள். நாற்காலியில் எதிரே உட்கார்ந்திருந்தவளின் முகத்தைப் பார்த்திருப்பாள். இந்த அம்மா ஏதாவது சொல்வாளா என்று பார்த்திருப்பாள். இந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டுரை போகட்டும், கட்டுரை தப்பு என்று நானே ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிடலாம், அறுபது வயசில் பெயர் கெட்டு என்ன ஆகப்போகிறது. அவள் என்ன ஆனாள்? வெள்ளிக்கிழமை போனாளா? போய் என்ன ஆனாள்? பத்தொன்பது வயசுப் பெண்கள் கல்யாணத்துக்கு முந்தின நாள் என்னவெல்லாம் செய்துகொள்வார்கள் என்று பேப்பரில் படிக்கிறோமே. கடவுளே, அது மட்டும் இருக்கக் கூடாது. பதினெட்டு வருஷம் கழித்து இப்போது உட்கார்ந்து கேட்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்குத் திங்கட்கிழமை, அது நிச்சயம், பதிவில் தேதி இருக்கிறது. புதன்கிழமை எனக்கு விமானம், கருத்தரங்கு, விசா கைக்கு வந்திருக்கவில்லை. அன்று அவள் எட்டாவது ஆள். கூண்டுக்குள் வெக்கை. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போகிறேன், யாரிடம் அடுக்குகிறேன் என்று தெரியவில்லை. ஒன்றை மட்டும் அடுக்க முடியவில்லை. நான் நிஜமாகவே கேட்கவில்லையா? வெள்ளிக்கிழமை, அப்பா, கடிதம், பரீட்சை, இதெல்லாம் சாதாரண ஆங்கில வார்த்தைகள், எனக்குப் புரியாததா? ஒருவேளை கேட்டிருப்பேன். கேட்டுவிட்டு, ஐயோ இது நமக்கெதற்கு, யார் வீட்டு விவகாரமோ, புதன்கிழமை விமானம் இருக்கிறது என்று ஒரு நொடியில் கீழே போட்டு மூடியிருப்பேன். போட்டு மூடினது எனக்கே தெரியாமல் மூடியிருப்பேன். அப்படி இருந்தால்? காது கேட்கவில்லை என்றால் அது தொழில் செய்த கோளாறு. கேட்டுவிட்டு மூடினேன் என்றால் அது நான். எவ்வளவு துருவிப் பார்த்தாலும் அன்றைக்கு அவள் முகம் எப்படி இருந்தது என்று வரமாட்டேன் என்கிறது. சுவர்க் கடிகாரம் வருகிறது, அதன் சிவப்பு விநாடி முள்கூட வருகிறது, முகம் வரவில்லை. அழித்துவிடலாமா? இந்த ஒரு பதிவை அழித்துவிட்டு, பழுதாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தால் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. பழைய பதிவுகளில் இரண்டு மூன்று பழுதாவது சகஜம். கை அந்தப் பக்கம் போனதும் உண்மை.

அப்போதுதான் கதவைத் தட்டிவிட்டுத் தணிகாசலம் டீயோடு வந்தார். இந்த ஆய்வுக்கூடத்தின் டெக்னீஷியன், எனக்கு மூன்று வயசு இளையவர், இருபத்தைந்து வருஷமாக இந்தக் கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து ஒலி அளவைப் பார்த்துக்கொள்கிறவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிரஷர் மாத்திரை போட்டீங்களா மேடம்?" என்றார். போட்டேன் என்றேன். ஏன் என்று தெரியவில்லை, கடைசி ஒரு நிமிடத்தை அவருக்கு ஓட்டிக் காட்டினேன். கேட்டுக்கொண்டே நின்றார்.

"இந்தக் குரல் ஞாபகம் இருக்கா தணிகாசலம்?"

"இங்கிலீஷ் எனக்கு எங்க மேடம் புரியுது. ஆனா இந்தப் பொண்ணு ஞாபகம் இருக்கு. நடுவுல சவுண்டு எறங்கிப் போச்சு, நான்தான் ஏத்தி வெச்சேன். கண்ணாடி வழியா பாத்துனு இருந்தேன். உங்ககிட்ட என்னமோ கேட்டுச்சு அது."

"என்ன கேட்டுச்சுன்னு தெரிஞ்சுதா?"

"அது தெரியல. கேக்குதுன்னு தெரிஞ்சுது. நீங்களும் தலையாட்னீங்க. செஞ்சி குடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன்." டீயை மேசையில் வைத்தார். "ஏன் மேடம், செய்யலையா?"

அவர் குற்றம் சொல்லவில்லை, பல்பு எரியவில்லையா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாத மனுஷர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, மீட்டரைப் பார்த்துக்கொண்டே தெரிந்துகொண்டதை, எதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த நான் தெரிந்துகொள்ளவில்லை. செய்யலை என்றேன். அவர் பன்னிரண்டு மணி வகுப்புக்கு ஸ்பீக்கரைப் பொருத்தப் போனார். மணி பதினொன்று நாற்பது. டீயில் ஆடை படிந்துவிட்டது. பேசியவர்களின் எண்ணையும் பெயரையும் சேர்த்து எழுதிய பட்டியலை ஐந்து வருஷத்தில் கிழித்துப்போட வேண்டும் என்பது விதி, நான் எல்லா வருஷமும் மாணவர்களுக்கு அதைப் போதிக்கிறேன், எல்லா வருஷமும் கிழிக்காமல் விட்டிருக்கிறேன், சோம்பல்தான், வேறொன்றுமில்லை. கீழ் இழுப்பறையில் பழைய தேர்வுத்தாள்களுக்கு அடியில் இருந்தது. இருபத்து மூன்று. க. பூங்காவனம், பி.ஏ. இரண்டாம் ஆண்டு, கலசபாக்கம் பக்கம் ஒரு கிராமம். அவசரத்துக்குத் தொடர்பு: அக்கா. ஒரு மொபைல் எண். இவ்வளவு நாளாக அவளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது, என் இழுப்பறையிலேயே இருந்திருக்கிறது. எண்ணை வைத்துப் பெயரைத் தேடக் கூடாது, தேடினாலும் போன் செய்யக் கூடாது, அதுவும் விதி. எண்ணைத் தட்டினேன், முழுசாகத் தட்டிவிட்டு நிறுத்தினேன். எடுக்காமல் போனால் நல்லது. எடுத்து, அவள் இல்லைங்க, அவள் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகுதுங்க என்று சொன்னால் நான் இந்த நாற்காலியிலிருந்து எப்படி எழுந்திருப்பேன்? தெரியாமலே இருந்துவிட்டால் அவள் எங்கோ நன்றாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு சாகலாம். அந்த எண்ணமே எனக்கு அருவருப்பாக இருந்தது, அந்த அருவருப்பில்தான் பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

எடுத்தது ஒரு பெண். பின்னால் பெரிய இயந்திரச் சத்தம். சென்னையிலிருந்து பேசுகிறேன், காலேஜ், பூங்காவனத்தைத் தெரியுமா என்று கத்தினேன். "எந்தக் காலேஜு?" என்றாள் சந்தேகமாக. சொன்னேன். "என் தங்கச்சிதான். மில்லுலதான் இருக்குது, இருங்க" என்றாள். இருக்குது என்றாள். இருக்குது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். அந்தப் பக்கம் மோட்டார் நின்றது.

"யாருங்க?"

"என் பேரு டோர்கஸ்ம்மா. நீ பி.ஏ. படிக்கறப்ப..."

"ரெக்கார்டிங் மேடமா?" என்றாள். "பஞ்சு ரூமு?"

"ஆமா. நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கேன் மேடம். அக்காவும் நானும் மாவு மில்லு வெச்சினு இருக்கோம். வீட்டுக்காரர் லாரி ஓட்டறாரு. என்னா மேடம் திடீர்னு?"

இதற்கு நான் ஏதேதோ தயாரித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, "அன்னிக்கு நீ பேசினத இன்னிக்குத்தாம்மா கேட்டேன்" என்றேன்.

"அன்னிக்கு எதிர்லதான மேடம் உக்காந்துனு இருந்தீங்க?"

"உக்காந்திருந்தேன். கேக்கல."

நீ எப்படிப் பேசுகிறாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது, சொன்னால் அது ஒரு பதிலா? அவளே பேசினாள், கோதுமை விலை சொல்கிற மாதிரி நிதானமாகப் பேசினாள். "வியாழக்கெழம சாய்ந்தரம் வரைக்கும் உங்க ரூம் வெளியே நின்னேன் மேடம். நீங்க வெளிநாடு போயிட்டீங்கன்னாங்க. சரி, லெட்டர் எழுதி ஆபீஸ்ல குடுத்துட்டுப் போயிருப்பீங்கன்னு அங்க போய்க் கேட்டேன். அங்கயும் இல்லன்னாங்க. வெள்ளிக்கெழம அப்பா வந்தாரு."

"என்ன மன்னிச்சிரும்மா."

"விடுங்க மேடம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "விடுங்கன்னு வாயில சொல்றேன். கோவம் இருந்துச்சு மேடம். அப்பா மேலகூட அவ்ளோ இல்ல, உங்க மேலதான் ரொம்ப வருஷம் இருந்துச்சு. அப்பா கேட்டாரு, முடியாதுன்னாரு. நீங்க கேட்டுட்டு, நல்லா பேசறன்னு சொன்னீங்க" என்றாள்.

நான் அழுவது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். அழாதீங்க என்று அவள் சொல்லவில்லை, அதற்காக அவள்மீது எனக்கு மரியாதை வந்தது. அந்தப் பதிவை அழித்துவிடுகிறேன், இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்றேன். "ஐயய்ய, அழிக்காதீங்க மேடம்" என்றாள் அவசரமாக, முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. "எனக்கு அனுப்புங்க. என் பொண்ணு பிளஸ் டூ படிக்குது, இன்னிக்கு லீவுன்னு இங்கதான் நிக்குது. எனக்கு இங்கிலீஷ் தெரியும்னா நம்பவே மாட்டேங்குது மேடம், பெருசா பீலா வுடறன்னு சிரிக்குது. இப்ப எனக்கு ஒண்ணும் வராது, மறந்து போச்சு. அதுல பேசியிருக்கேன் இல்ல? அது கேக்கட்டும்." அதற்குள் பக்கத்திலேயே நின்றிருந்த அந்தப் பெண் போனை வாங்கிவிட்டாள். "ஆன்ட்டி, எங்கம்மா நெஜமாவே இங்கிலீஷ்ல பேசினாங்களா?" என்றாள். பேசினாங்க என்றேன், மூணு நிமிஷம் பேசினாங்க, ரொம்பத் தெளிவா பேசினாங்க. "என்னா பேசினாங்க?"

என்ன பேசினாள் என்று என்னை முதல் தடவையாக ஒருத்தி கேட்கிறாள். முப்பது வருஷத்தில் எத்தனை கருத்தரங்கு, எத்தனை பேராசிரியர்கள், எத்தனை வகுப்பு, ஒருவரும் இதைக் கேட்டதில்லை. சொன்னால், தான் பிறக்கக் காரணமான கல்யாணத்தை அம்மா வேண்டாம் என்று சொன்னதைப் பிளஸ் டூ படிக்கிற பெண் தெரிந்துகொள்வாள். அம்மாகிட்ட குடும்மா என்றேன். கொடுக்கவில்லை, தூரத்திலிருந்து பூங்காவனத்தின் குரல்தான் வந்தது. "சொல்லுங்க மேடம். அதுக்குத் தெரியட்டும்." சொன்னேன். வெள்ளிக்கிழமையிலிருந்து ஆரம்பித்து, கல்யாணம், அக்கா, கைக்குழந்தை, படிக்க வேண்டும் என்றது, இரண்டு வரிக் கடிதம் கேட்டது, நான் வெரி குட் என்றது, அறுபது வார்த்தை வாசிக்கச் சொன்னது, எதையும் விடாமல் சொன்னேன். நடுவில் மணி பன்னிரண்டானது, தணிகாசலம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார், பிள்ளைகளை இருக்கச் சொல்லுங்கள் என்று கையைக் காட்டினேன். நான் முடித்ததும் அந்தப் பெண் கேட்டாள், சண்டை போடுகிற குரலில் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற குரலில்தான் கேட்டாள்.

"அந்த லெட்டர் எழுத எவ்ளோ நேரம் ஆவும் ஆன்ட்டி?"

"ரெண்டு நிமிஷங்கூட ஆகாதும்மா" என்றேன்.